பெலவேந்திரர் சிலுவை

வாலியெர் கிராமம், பிரான்ஸ்
12-6-1949

சேசு மரி சூசை

அன்புள்ள மர்சலினுக்கு,

நான் நலம். உன் நலத்துக்கு மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நீ கடைசியாக எழுதிய கடிதத்தில் மூன்றே வரி. அதிலும் இரண்டு வரி உன் அப்பாவின் சளியைப் பற்றியது. இருந்தாலும் அதைச் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன்.

கல்லூரிக்குக் கோடை விடுமுறை விட்டாயிற்று. திஜோனில் அறைக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பானேன் என்று முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிட்டேன். இங்கே இது ஒரு வழக்கம். நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள்கூடக் கோடை வந்தால் ஊர் ஊராக நடக்கிறார்கள். நிலம் சமமாகவே இல்லை. ஒரு மேடு ஏறினால் ஒரு இறக்கம், அதற்குள் ஒரு ஓடை, மறுபடி மேடு. மேட்டில் கோதுமை, இறக்கத்தில் பசுக்கள். ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னாலும் ஒரு கிராமம். கல் வீடுகள், கூரான ஒரு கோவில் கோபுரம், ஊர்ப் பெண்கள் முட்டி போட்டுத் துணி துவைக்கும் ஒரு தொட்டி. கோவில்களெல்லாம் நம் தோமையார் கோவிலைப் போல இரண்டு பங்கு வயதானவை. எந்த ஊருக்குப் போனாலும் நான் பொந்திஷேரியா என்று கேட்கிறார்கள். இந்தியாவில் வேறு ஊரே கிடையாது என்று நினைப்பு.

வழி தப்பாமல் இருக்க மரத்திலும் பாறையிலும் அடையாளம் பூசியிருக்கிறார்கள். மேலே ஒரு வெள்ளைக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. முதலில் பார்த்ததும் மயிலாப்பூர்க் கோயில் மதில்தான் ஞாபகம் வந்தது. கோடு நேராக இருந்தால் அதுதான் வழி. வளைந்திருந்தால் அங்கே திரும்ப வேண்டும். நேற்று ஒரு பெரிய மரத்தில் இரண்டு கோடும் ஒன்றன் மேல் ஒன்று குறுக்காகப் போட்டிருந்தது. யாரையும் கேட்காமலே எனக்குப் புரிந்துவிட்டது. சேசுவின் சீடர், நம் அர்ச்சியசிஷ்ட பெலவேந்திரரை அறைந்தது இப்படிச் சாய்ந்த சிலுவையில்தானே. அந்தக் காலத்தில் சந்தியாகப்பர் கல்லறைக்கு யாத்திரை போனவர்கள் நடந்த வழியாம் இது. தொப்பியைக் கழற்றி ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டு அந்தப் பக்கமே போனேன். போன இடம் ஒரு செர்ரித் தோட்டம். தோட்டக்காரி ஒரு மாதிரி பார்த்தாள், ஆனால் கை நிறையப் பழம் கொடுத்தாள். ஆகவே மர்சலின், கோடு என்றால் வழி. சிலுவை என்றால், பயப்படாமல் வா, நானும் கூட வருகிறேன் என்று அர்த்தம்.

இப்போது முக்கியமான விஷயம். பேராசிரியர் என்னை இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார். அவர் மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும். குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கோடை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். நீ இங்கே வருகிறாயா, இல்லை நான் அங்கே திரும்பட்டுமா? நீ சொல்லும்வரை அவருக்கு ஒரு எழுத்து எழுதமாட்டேன். பெரிய கடிதம் எழுத மனம் வராவிட்டால் இந்த மர அடையாளத்தில் ஒன்றைப் போட்டு அனுப்பு, போதும். வளைந்த கோடு என்றால் மூட்டை கட்டிவிடுகிறேன்.

திஜோன் முகவரிக்கே எழுது. நான் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைப்பார்கள்.

உன்
காஸ்பர்


சாந்தோம், மயிலாப்பூர்
24-6-1949

சேசு மரி சூசை

கனம் பொருந்திய தமிழ்ப் பேராசிரியர் காஸ்பர் அவர்களுக்கு மர்சலின் எழுதிக்கொண்டது.

அப்பாவுக்குச் சளி குறைந்துவிட்டது. இதுவும் ஒரு வரிதான், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டிருக்கிறீர்களே, சந்தோஷம். இதே கேள்வியைப் போன வருஷம் கேட்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் போவதாகத்தான் பேச்சு. நான் கம்பளி நூல் வாங்கிப் பின்னக்கூட ஆரம்பித்துவிட்டேன். ஒரு நாள் மத்தியானம் அப்பா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "மாப்ள தனியாத்தான் போறாராம்மா. உன் உடம்புக்கு அந்தக் குளிர் ஆவாதாம்" என்றார். நான் வரவில்லை என்ற செய்தி எனக்கு அப்படித்தான் தெரிந்தது. டாக்டரைக் கேட்டீர்கள். பங்குச் சாமியாரைக் கேட்டீர்கள். தி.நகருக்குப் போய் லூயிசா அக்காவைக் கேட்டீர்கள். டைபாய்டில் படுத்து எழுந்தவள் நான். என்னைத் தவிர எல்லாரையும் கேட்டீர்கள்.

பிறகு நான் சண்டை போட்டதற்கு என்ன சொன்னீர்கள்? "அங்க எல்லாத்துக்கும் நடக்கணும். நீ லஸ்ஸுலேர்ந்து வீட்டுக்கு வரவே ரிக்‌ஷா கேக்கிறவ." அதைச் சொல்லும்போது சிரித்தீர்கள். எனக்கு அந்தச் சிரிப்புதான் இன்னும் போகவில்லை.

அதனால் நடக்கிறேன். ஈஸ்டரிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் கணக்கு டீச்சர் நானும் எங்கள் பாட்டு டீச்சர் அபயாம்பாளும் நடக்கிறோம். அவள், "ஆத்துல கால் வலின்னு சொல்லிண்டு உக்காந்தா கால் மறந்து போயிடும்டீ" என்று என்னை இழுத்துக்கொண்டு போகிறாள். முதலில் கடற்கரை வரை. பிறகு நொச்சிக்குப்பம் தாண்டி அடுத்த குப்பம் வரை. மீன்காரி ஒருத்தி தினமும், "இன்னா டீச்சரம்மா, தெனிக்கும் இப்டிக்கா போய்க்கினு கீறியே, எதுனா தொலைச்சிட்டியா?" என்கிறாள். போன வாரம் அடையாறு பாலம் வரை போய்த் திரும்பினோம். அப்பாவுக்கு வெட்கமான வெட்கம். பிரகாசம் பெண்ணுக்கு ரிக்‌ஷா வைக்க வக்கில்லையா என்று தெருவில் பேசுவார்களாம்.

உங்கள் கேள்விக்கு இப்போது பதில் இல்லை. சாந்தோமிலிருந்து சின்னமலை வழியாகப் பரங்கிமலைக்கு நடக்கப்போகிறேன். தோமையார் போன வழிதானே, எனக்கும் ஒரு யாத்திரை இருக்கட்டும். ஏறி முடித்தால் பதில் எழுதுகிறேன். பாதியில் விழுந்தால் நீங்கள் சொன்னதே சரி என்று ஆகிவிடும். அப்போதும் எழுதுகிறேன்.

பழம் கொடுத்தவளிடம் நன்றி சொன்னீர்களா? பரலோக மந்திரம் சொல்லும்போது எனக்காகவும் ஒன்று சொல்லுங்கள்.

இப்படிக்கு
மர்சலின்


சேந்த்-மர்சலின் கிராமம், பிரான்ஸ்
10-7-1949

சேசு மரி சூசை

என் அன்பு மர்சலினுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்தாயா? விளையாட்டு இல்லை, நிஜமான ஊர். உன் பெயரில் ஒரு அர்ச்சியசிஷ்டவள், அவள் பெயரில் ஒரு கோவில், அதைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகள். நான் இந்த ஊருக்கு வந்த கதையைக் கேட்டால் சிரிப்பாய். சிரி, எனக்கு அது வேண்டும்.

போன வாரம் காட்டுக்குள் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் மரத்தில் எதுவும் இல்லை. இன்னொரு பக்கம் பெரிதாகப் பெலவேந்திரர் சிலுவை. எனக்கு என்ன சந்தேகம்? தொப்பியைக் கழற்றினேன், மந்திரம் சொன்னேன், உனக்காகவும் ஒன்று சேர்த்துச் சொன்னேன். சிறிது தூரத்தில் இன்னொரு மரத்திலும் சிலுவை. ஆகா, இது புண்ணிய பூமி என்று மேலும் போனேன். பாதை குறுகியது, பிறகு பாதையே இல்லை. முள்ளும் சேறும். ஒரு பழைய கல் அகழியில் கால் மடங்கி விழுந்தேன். கத்தின சத்தம் கேட்டு மாடு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் வந்து, மாட்டு வண்டியில் தூக்கிப் போட்டு இந்த ஊருக்குக் கொண்டுவந்தார். கணுக்கால் பூசணிக்காய் அளவு வீங்கிவிட்டது. அவருடைய அம்மா மதாம் ரெனோ வீட்டில்தான் இருக்கிறேன். வினிகரில் துணி நனைத்துக் கட்டுகிறாள்.

அந்த அம்மாளிடம் சிலுவையைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், மகனைக் கூப்பிட்டுச் சொன்னாள், மகன் தெருவுக்கே சொல்லிவிட்டான். மர்சலின், அது சிலுவையே இல்லை. 'இந்தப் பக்கம் வராதே' என்று அர்த்தமாம். தப்பான வழிக்குப் போடுகிற குறி. நான் இத்தனை நாள் வராதே என்று எழுதியிருந்த ஒவ்வொரு இடத்திலும் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறேன். சாந்தோமில் பிறந்தவனைத் தவிர வேறு எவனுக்கும் இந்தப் புத்தி வராது.

நேற்று உன் கடிதம் வந்தது. நீ பரங்கிமலைக்கு நடக்கிறாய், நான் கிணற்றடிக்கு நடக்க முடியாமல் கிடக்கிறேன். நன்றாக இருக்கிறது நியாயம். நீ எழுதினதைப் பலமுறை படித்தேன். அந்த டைபாய்டின்போது உன் தலையணையில் முடி கொத்துக் கொத்தாகக் கிடக்கும். நீ கண் விழிப்பதற்குள் பொறுக்கிவிடுவேன். பயந்துவிட்டேன் மர்சலின். பயத்தை உன்னிடம் சொல்லாமல் ஊரெல்லாம் போய்ச் சொன்னேன். சிரித்ததும் அந்தப் பயத்தில்தான். உனக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கும்.

இந்த ஊர்க் கோவிலில் உன் அர்ச்சியசிஷ்டவளின் சுரூபம் இருக்கிறது. மூக்கு உடைந்திருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கோபமாக நிற்கிறாள். பார்த்ததும் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன்
காஸ்பர்


சாந்தோம்
11-7-1949

சேசு மரி சூசை

அன்புள்ள உங்களுக்கு,

ஏறிவிட்டேன்.

சனிக்கிழமை விடியும்போது நானும் அபயாம்பாளும் கிளம்பினோம். கட்டிச் சாதம் அவள் கொண்டுவந்தாள். அப்பா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், பிறகு தெருமுனையிலிருந்து அப்துல் கரீமின் ஜட்காவைப் பிடித்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார். லஸ், தேனாம்பேட்டை, மவுண்ட் ரோடு. நாங்கள் நின்றால் குதிரை நிற்கும். நாங்கள் நடந்தால் அதுவும் நடக்கும். ஏதோ கலியாண ஊர்வலம் என்று நினைத்துச் சிலர் எட்டிப் பார்த்தார்கள்.

சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலம் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் இருட்டியது. ஏறிக்கொள்ளம்மா என்று அப்பா ஜட்காவிலிருந்து கெஞ்சினார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டேன். அப்போதுதான் அப்துல் கரீம் சும்மா இருக்கமாட்டாமல் அப்பாவைப் பார்த்து, "இன்னா நைனா, பொண்ணு இம்மாந் தூரம் நடந்துக்கினு வருது. நீ குந்திக்கினு வந்து அதையும் குந்த வைக்கிறியே" என்றார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இறங்கினார். செருப்பைச் சரிசெய்துகொண்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். என்ன செய்வது, நானும் காலை எடுத்துக்கொண்டு பின்னாலே போனேன்.

சின்னமலையில் மூவரும் முகம் கழுவினோம். கிண்டி தாண்டியதும் கால் என்னுடையதாகவே இல்லை. பரங்கிமலைப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். அபயாம்பாளிடம், இது எங்கள் கோவிலாயிற்றே, உங்கள் வீட்டில் ஒன்றும் சொல்லமாட்டார்களா என்று கேட்டேன். "படி ஏறும்போது எந்த சாமியா இருந்தா என்னடீ, முட்டி ஒரே மாதிரிதான் வலிக்கிறது" என்றாள். மேலே நின்று ஆதம்பாக்கம் பக்கம் பார்த்தால் பச்சை வயலும் ஏரியுமாக இருந்தது. நீங்கள் எழுதின மேடும் இறக்கமும் இல்லை. ஆனாலும் நான் நடந்து வந்து பார்த்த வயல். அழுகை வந்துவிட்டது. அப்பா கடலைப் பார்ப்பது போலத் திரும்பி நின்றுகொண்டார்.

திரும்பும்போது எல்லாரும் ஜட்காவில்தான் வந்தோம். அதற்கு நீங்கள் சிரிக்கக் கூடாது. நேற்று முழுக்கப் படுக்கை.

பதில் கீழே இருக்கிறது. வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு தெரியாதே. அதனால் திருத்துகிற பென்சிலின் சிவப்பு முனையாலும் நீல முனையாலும் போட்டிருக்கிறேன். வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதமாட்டேன்.

மர்சலின்

×


சேந்த்-மர்சலின்
25-7-1949

சேசு மரி சூசை

என் அன்பு மர்சலினுக்கு,

உன் ஜூலை 11 கடிதம் கிடைத்தது. மர்மலாங் பாலத்தில் நீ நின்ற இடம் வந்ததும் நானே எழுந்து நின்றுவிட்டேன். நீ ஏறினதைப் படித்து மதாம் ரெனோவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். கீழே அந்தக் குறி இருந்தது.

கெட்ட செய்தியா என்று அந்த அம்மாள் கேட்டாள். தாளை மடித்து வைத்தேன். இந்தப் பக்கம் வராதே. சரிதான், நான் உனக்குச் செய்ததற்கு இது அதிகமில்லை என்று நினைத்தேன். என் மனைவிக்கு விருப்பமில்லை, ஆகவே ஊர் திரும்புகிறேன் என்று பேராசிரியருக்கு உடனே எழுதினேன். உறையில் போட்டு ஒட்டினேன். தடியை ஊன்றிக்கொண்டு தபால் பெட்டி வரை நொண்டி நொண்டிப் போனேன்.

பெட்டிக்குள் பாதிக் கடிதம் போய்விட்டது மர்சலின். பாதி என் கையில். 'என்னைத் தவிர எல்லாரையும் கேட்டீர்கள்' என்று நீ எழுதினது அப்போது ஞாபகம் வந்தது. உன் மனசு இதுதான் என்று மறுபடி நானே முடிவு செய்து, மறுபடி வேறு ஒருவரிடம் போய்ச் சொல்லப் பார்க்கிறேன். கடிதத்தை வெளியே இழுத்துவிட்டேன். உறை ஓரம் கிழிந்துவிட்டது.

நீ போட்டது நான் ஜூனில் சொன்ன குறியா, ஜூலையில் தெரிந்துகொண்ட குறியா? தேதியைப் பார்த்தால் என் இரண்டாவது கடிதம் உனக்குக் கிடைத்திருக்காது. ஆனால் நீ கணக்கு டீச்சர். தப்புக்குக் குறுக்குக் கோடு போட உனக்கு என் கடிதம் எதற்கு? இப்படியும் தோன்றுகிறது, அப்படியும் தோன்றுகிறது. நானாக எதையும் நினைத்துக்கொள்ளப் போவதில்லை. கேட்கிறேன். மர்சலின், நீ இங்கே வர விரும்புகிறாயா? குறி வேண்டாம், தமிழில் எழுது. வேண்டாம் என்றால் அடுத்த கப்பலில் வந்துவிடுவேன், மனக்குறை வைக்கமாட்டேன். நீ இல்லாமல் இங்கே இரண்டு வருஷம் என்பது எனக்கு முடியாத காரியம். இந்த ஊர்ச் சுரூபத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்.

கால் தேவலை.

உன்
காஸ்பர்


சாந்தோம்
6-8-1949

சேசு மரி சூசை

என் பிரியமுள்ள காஸ்பருக்கு,

பெயரைச் சொல்லி எழுதிவிட்டேன். அங்கே பெண்டாட்டிகள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்களாமே. பழகிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஜூலைக் கடிதம், நீங்கள் அகழியில் விழுந்த கடிதம், என் கடிதம் போய்ப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. படித்துச் சிரித்தேன், அபயாம்பாளுக்குப் படித்துக் காட்டினேன், அவள் ஆர்மோனியத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். 'வராதே என்று அர்த்தம்' என்ற இடம் வந்தபோதுதான் என் சிரிப்பு நின்றது. நான் என்ன போட்டு அனுப்பியிருக்கிறேன்! பயப்படாமல் வா, நானும் கூட வருகிறேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அதைத்தான் போட்டேன். பெலவேந்திரரே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கணக்கு டீச்சராம். தப்புக்கு நான் சுழிதான் போடுவேன், இத்தனை வருஷம் கூட இருந்து அதுகூடத் தெரியவில்லையா? எங்களுக்கு அந்தக் குறி பெருக்கல்.

உடனே தந்தி அடி என்றார் அப்பா. லூயிசா அக்காவும் அதையே சொன்னாள். தபாலாபீஸ் வாசல் வரை போனேன். போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் குறியைப் பார்த்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மர்சலினுக்கு இஷ்டமில்லை என்று நீங்களே தீர்மானித்துப் பேராசிரியருக்கு எழுதிவிட்டுக் கப்பல் ஏறினால், நீங்கள் வந்து சேர்ந்ததும் நன்றாகச் சமைத்துப் போட்டிருப்பேன். சந்தோஷமாகவும் இருந்திருப்பேன். ஆனால் எனக்குள்ளே ஒன்று ஆறாமல் இருந்திருக்கும். அதனால் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அது என்ன இருப்பு என்கிறீர்கள். பிள்ளைகள் கணக்கில் சரியானதற்கெல்லாம் சுழி போட்டேன். தபால்காரர் மாணிக்கவாசகம் எங்கள் தெருவுக்குள் திரும்பினாலே வாசலுக்கு ஓடுவேன். நேற்று அவர் கடிதத்தை நீட்டியபோது வாங்கக் கை வரவில்லை. அப்பாதான் வாங்கினார். அவரையே படிக்கச் சொன்னேன். பாதிக் கடிதம் பெட்டிக்குள் போன இடத்தில் அப்பா நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய், "கேக்குறார்மா. மாப்ள உன்னக் கேக்குறாரு" என்றார்.

வருகிறேன்.

தமிழில் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். பேராசிரியருக்கு இன்றே எழுதுங்கள். கிழிந்த உறையை எனக்காகப் பத்திரமாக வையுங்கள். பள்ளிக்கூடத்துப் பெரிய சிஸ்டர் விடுப்பு தருகிறேன் என்றார்கள். போன வருஷம் பாதியில் விட்ட கம்பளியை மறுபடி எடுத்திருக்கிறேன், எனக்கும் உங்களுக்கும். அப்பாவை லூயிசா அக்கா தி.நகருக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். அவருக்கு இரண்டு நாளாக ஒரே யோசனை. "அந்த ஊர்ல ஜட்கா கெடைக்குமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கிடைக்கும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கிளம்பிவிடுவார்.

நான் வந்ததும் முதலில் அந்த மூக்கு உடைந்தவளைப் பார்க்க வேண்டும். உங்கள் வீங்கின கால் சரியாகும்வரை மெதுவாகவே நடப்போம். நான் காத்திருக்கிறேன், பரவாயில்லை.

குறி வேண்டாம் என்றீர்கள். கை கேட்கவில்லை, ஒன்றே ஒன்று போடுகிறேன். உங்கள் பாதையில் இதற்கு வழி என்று அர்த்தம். எங்கள் கணக்கில் சமம் என்று அர்த்தம். என்னை மறுபடி கேட்டீர்களே, அதனால் போடுகிறேன்.

உங்கள்
மர்சலின்

=